காதுக்குள் கசிந்த கேஸ்

சோடா பாட்டில் வெடித்தது என் வலது காதுக்குப் பக்கத்தில். கண்ணாடித் துண்டு ஒன்றும் மேலே படவில்லை. எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள். "தப்பிச்சே கன்னியம்மா, போய் மூஞ்சிய கழுவு" என்றார் முதலாளி. கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் காதுக்குள் ஸ்ஸ் என்று ஆரம்பித்தது.

மயிலாப்பூரில் டிராம் வந்து நிற்கும் இடத்துக்குப் பக்கம் அந்த சோடா கம்பெனி. பஸ் புதிதாக ஓட ஆரம்பித்திருந்த காலம். கோலி பாட்டில் கழுவுவது என் வேலை. மெஷின்காரர் முனுசாமி அண்ணன் கேஸ் ஏற்றித் தந்ததும் ஒவ்வொன்றையும் காதில் வைத்துக் கேட்கவேண்டும். கழுத்து ரப்பர் தேய்ந்திருந்தால் கேஸ் கசிந்து ஸ்ஸ் என்று மெல்லக் கேட்கும். அதை ஒதுக்கிவிட்டு நல்லதைப் பெட்டியில் அடுக்குவேன்.

இப்போது எந்தப் பாட்டிலை எடுத்தாலும் ஸ்ஸ். இடது காதில் வைத்தாலும் வலது காது தன் சத்தத்தை நிறுத்தவில்லை. பயந்துபோய்ப் பாதியை ஒதுக்கினேன். முதலாளி பார்த்துவிட்டார்.

"இன்னாம்மே, ஊர்ல கீற ரப்பரெல்லாம் ஒரே நாள்ல தேஞ்சிப்போச்சா? இப்டியே போனா வேற ஆள பாக்க வேண்டியதுதான்."

எனக்கு நாலு பேரிடம் பேச வராது. சொன்னால் செவிடு என்பார்கள், இல்லாவிட்டால் பைத்தியம் என்பார்கள். வீட்டுக்காரர் கால் ஒடிந்து படுத்திருந்தார். என் வேலையை வைத்துத்தான் அடுப்பு எரிந்தது. வீடு அடங்கினால் காதில் சத்தம் கூடும். முந்தானையை அடைத்தால் இன்னும் கூடும்.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் ஒரு பாட்டிலை அண்ணனிடம் நீட்டினேன்.

"அண்ணே, இது ஒழுகுதான்னு கேட்டுச் சொல்லுங்களேன்."

இரண்டு காதிலும் மாற்றி மாற்றி வைத்தார். "ஒழுகுது."

இன்னொன்று கொடுத்தேன். "இதுவுந்தான்."

சந்தேகம் தீராமல் இரண்டையும் கழுவுகிற தொட்டியில் முக்கிப் பிடித்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. அண்ணன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உனக்குமா?"

"பாட்டில் வெடிச்சதுலேர்ந்து."

"எனக்கு எப்போலேர்ந்துன்னே தெரியல. மெஷின்கிட்டயே நின்னு நின்னு வந்துச்சி போல. ஊட்லகூட சொன்னதில்ல. நாம ரெண்டு பேரும் சோடா பாட்லுதான் தங்கச்சி. மேல மூடிக்கினு கீறோம், உள்ள கேஸ் போய்க்கினு கீது."

பாட்டில் வெடித்த பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன்.

அண்ணனே முதலாளியிடம் போனார். "காதுல வெச்சி பாக்கறது வாணாம் மொதலாளி. தண்ணில முக்கினா கண்ணுக்கே தெரியுது."

"அத்தினியும் தொடைக்கறது யாரு, உங்கப்பனா?"

"நான் தொடைக்கிறேன்" என்றேன். முதலாளியிடம் நானாகப் பேசிய முதல் பேச்சு அது. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். என் வேலை தப்பியது.

விஷயம் தெரிந்து அண்ணனின் சம்சாரம் எங்கள் இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "ஜவ்வு கிழியல. சத்தம் கொறையலாம், அப்படியே நிக்கவும் நிக்கலாம். எண்ணெய் கிண்ணெய் ஊத்தாதீங்க. மெஷின் ஓடறப்ப பஞ்சு வெச்சிக்குங்க. வீட்ல அதையே கேட்டுக்கிட்டு உக்காராதீங்க."

அன்று ராத்திரி வீட்டில் ஓட்டைச் சொம்பு ஒன்றில் தண்ணீர் ஊற்றி, வாளிக்கு மேல் கட்டித் தொங்கவிட்டேன். அந்தச் சொட்டுச் சத்தத்தில் தூக்கம் வந்தது. "மழ பேயுதா?" என்று தூக்கத்தில் கேட்பார் வீட்டுக்காரர். "ஆமா, தூங்குங்க" என்பேன்.

சத்தம் முழுதாகப் போகவில்லை. இதை எழுதும்போதும் இருக்கிறது. ஆனால் பயம் போய்விட்டது. வேலைக்குப் போகிற பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: காதில் இப்படிக் கேட்டால் ஒருத்தரிடமாவது சொல்லிவிடுங்கள்.

காலையில் போனதும் அண்ணனும் நானும் அவரவர் காதைப் பற்றி விசாரித்துக்கொள்வோம். யாருக்கு அன்றைக்குச் சத்தம் கம்மியோ அவர் கனமான பெட்டிகளைத் தூக்குவது என்று பேசி வைத்திருந்தோம். வேலையை விட்டுப் போகிறவரைக்கும் அண்ணனுக்குத் தினமும் கம்மியாகவே இருந்தது.