மாடசாமியின் நிறம்

கலாராணியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். லுணுகலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், மாடியில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறாள். கடிதம் அடிப்பாள், விண்ணப்பம் நிரப்புவாள், அடையாள அட்டைக்குப் படம் எடுப்பாள், கல்யாணப் படங்களைத் திருத்திக் கொடுப்பாள். தோட்ட ஆபீஸ் அறிக்கைகளும் எங்கள் பாடசாலைப் பரீட்சைத் தாள்களும் அவள் கையால்தான் ஆகவேண்டும். அவசரம் என்று நான் ஓடிப்போய் நின்றால், அவள் யன்னல் வழியாக உள்ளே வரும் பனியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"என்ன கலாராணி, கண்ணைத் திறந்துகொண்டே நித்திரையோ?" என்று கேட்பேன்.

"பனி இப்ப கீபோர்டு வரைக்கும் வந்திருச்சு டீச்சர்," என்பாள்.

நான் யாழ்ப்பாணத்தில் இருந்து மாற்றலாகி வந்தவள். பதினொரு வருஷமாகியும் மேகம் அறைக்குள் வந்து உட்காருவது எனக்குப் பழகவில்லை. அவளுக்கு அது பழகிய விருந்தாளி. மடுல்சீமையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயம் ஒன்றில் பிறந்தவள். அம்மா விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனபின், எதிர்மலை பனிக்குள் மறைவதையும் திரும்ப வெளிவருவதையும் பார்த்துக்கொண்டே வளர்ந்ததாகச் சொல்வாள். உயர்தரம் முடித்துப் பதுளையில் கொம்பியூட்டர் படித்தாள். நாற்பது வயதாகிறது, கல்யாணம் கூடிவரவில்லை. அதில் அவளுக்குக் கவலை இல்லை, எனக்குத்தான் கவலை.

கடையில் இருந்த மொனிட்டர் அரதப் பழசு. மஞ்சள் பூத்து, ஓரங்கள் இருண்டு கிடந்தது. அது மங்க மங்க அவளுடைய கண்ணும் அதோடு சேர்ந்து பழகிவிட்டது. முகம் இருட்டாகத் தெரிந்தால் வெளிச்சத்தை ஏற்றுவாள், மஞ்சளாகத் தெரிந்தால் மஞ்சளைக் குறைப்பாள். அந்தப் படங்கள் பதுளையில் அச்சாகி வரும்போது எல்லா முகமும் வெளுத்துப்போய் வரும். வேறு ஊராக இருந்தால் ஒரே மாதத்தில் பிடிபட்டிருப்பாள். எங்கள் ஊர்ச் சனமோ "கொஞ்சம் செவப்பா போட்டுக் குடுங்க" என்று கேட்டு வாங்குகிற சனம். மாப்பிள்ளையும் பெண்ணும் பவுடர் டப்பாவுக்குள் விழுந்து எழும்பியவர்கள் மாதிரி வந்தாலும் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டு போனார்கள். கலாராணிக்குக் கைராசிக்காரி என்று பெயர். மற்றவர்களை ஏன் சொல்வான், அவள் எடுத்த என் படத்தை யாழ்ப்பாணத்தில் காட்டிப் பெருமை அடித்தவள்தான் நானும்.

பெரியாயி வந்த அன்றைக்கு நான் கடையில் இருந்தேன். பெரியாயி மேலே தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். அவளுடைய கணவர் மாடசாமி கவ்வாத்துக்காரர். முற்றிய தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடும் வேலை அது. அவர் செத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. லயத்துக் கூரை ஒழுகி வீட்டுப் படங்களெல்லாம் ஊறிப்போய், மகள் கல்யாணத்தில் கலாராணி எடுத்த ஒரு படம்தான் மிச்சம். அதிலிருந்து அவரைத் தனியாகப் பிரித்தெடுத்து, பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கொடுத்திருந்தாள் கலாராணி. அந்தச் சட்டத்தைப் பழைய சேலைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள் பெரியாயி.

"இது அவரு இல்லம்மா," என்றாள்.

"அவருதாங்க. நானே எடுத்த படமாச்சே," என்றாள் கலாராணி.

"போட்டிருக்குற சட்ட அவரு சட்டதான். மொகம் யாரோ தொரை மொகம். ரெண்டு வாரமா செவுத்துல மாட்டிப் பாத்துக்கிட்டு இருக்கேன். நேத்து கண்ண மூடி அவர நெனச்சா, இந்த வெள்ள மொகம்தான் வருது. இன்னும் கொஞ்ச நாளு இதப் பாத்தேன்னா அவரு மொகமே எனக்கு மறந்துபோயிரும்மா."

கலாராணி படத்தை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு திரையில் அதே படத்தைத் திறந்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். திரையில் இருந்தவர் கறுப்பு, கையில் இருந்தவர் வெள்ளை.

"நான் இவ்வளவு நாளும் பதுளையில அச்சடிக்கிறவங்கதான் வெளுக்க வைக்கிறாங்கன்னு நெனச்சேன் டீச்சர்," என்றாள். "ஊரும் அதத்தான் விரும்புது, சரி போகட்டும்னு விட்டுட்டேன். பொய் சொன்னது இந்த மொனிட்டர்தான்."

வருஷத் திதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை புது மொனிட்டர் வாங்கப் பதுளைக்குப் போவதென்று முடிவு செய்தாள். துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். பெரியாயியையும் கூப்பிட்டாள்.

"மொனிட்டர் வாங்கிறதுக்குக் கொழுந்து பறிக்கிற மனுசி என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"அவரு நெறம் அவங்களுக்குத்தான டீச்சர் தெரியும்?"

ஞாயிறு காலை மூன்று பேரும் பஸ் ஏறினோம். பசறை வரைக்கும் வெளியே ஒன்றுமே தெரியவில்லை. பனி கலையும் இடத்தில் ஒரு மலை வரும், ஒரு கோயில் தலைகாட்டும், உடனே போய்விடும். கலாராணி கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தாள். பெரியாயி மடியில் கைகளைக் கோத்து, கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தாள். எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும். அதைப் பார்க்க மாட்டாமல் நானும் வெளியே பார்த்தேன்.

கடைக்காரர் ஹபீஸ் நல்ல மனிதர், பேச்சுத்தான் கொஞ்சம் அதிகம். ஒரு சுவர் நிறைய எட்டுத் திரைகள். எட்டிலும் ஒரே கடல், ஒரே கிளி. அந்த நீலத்தில் ஒரு கடலை நான் எங்கள் ஊரில் ஒருநாளும் கண்டதில்லை.

"இந்த வளைஞ்சத எடுங்க தங்கச்சி. படம் சும்மா பளபளன்னு பாயும்," என்றார் ஹபீஸ்.

"பாய வேணாம் ஹபீஸ் நானா. உள்ளத உள்ளபடி காட்டுனாப் போதும்," என்று கலாராணி தன் பென்டிரைவைக் கொடுத்தாள்.

எட்டுத் திரையிலும் மாடசாமி வந்தார், திருத்தாத பழைய கல்யாணப் படத்து மாடசாமி. ஒன்றில் காய்ச்சல்காரராகச் சிவந்திருந்தார். ஒன்றில் நீலம் பாரித்திருந்தார். இன்னொன்றில் பழையபடி வெள்ளை. பெரியாயி சட்டென்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"எடுத்திருங்கம்மா! இத்தன மொகம் பாத்தா இருக்குறதும் போயிரும்."

கலாராணி பதறிப்போய்ப் படத்தை மாற்றினாள். அடுத்ததாக வந்தது, தோட்ட ஆபீஸ் அறிக்கைக்காக அவள் எடுத்து வைத்திருந்த தேயிலை மலை ஒன்று. எட்டுத் துண்டு மலை சுவரில் தொங்கியது. கடையே ஈரமாகிக் குளிர்ந்துவிட்டது போலிருந்தது எனக்கு. பெரியாயி மெல்ல முந்தானையை இறக்கினாள். பிறகு எழுந்து, செடிக்கு நடுவே நடக்கிற அதே நடையில், ஒவ்வொரு திரையாகப் போனாள். ஹபீஸ் நாற்காலியை ஒதுக்கி அவளுக்கு வழிவிட்டார்.

"இதுல எல்லாம் ஒரே பச்ச. கொழுந்து எது, முத்தல் எதுன்னு தெரியல. இப்பிடிப் பறிச்சா கங்காணி திருப்பி விட்டுருவாரு," என்று வளைந்த திரையைத் தள்ளினாள். அடுத்ததைப் பார்த்து, "இது மழ வாராம வாடிப்போன மல," என்றாள். கீழ் மூலையில், பளபளப்பே இல்லாத இருபத்துநாலு அங்குலத் திரை ஒன்று இருந்தது. அதன் முன்னால் நின்றுவிட்டாள். விரலை நீட்டினாள்.

"இது எங்க ஆறாம் நம்பர் மல. கவ்வாத்து வெட்டி ரெண்டு வருசம் ஆவுது. இந்தா, இந்த ஓரத்துல பறிக்காம விட்டுட்டாளுக. எல முத்திப் போத்திருச்சு."

கலாராணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அது ஆறாம் நம்பர் மலைதான், அவள்தானே போய் எடுத்தவள்.

"அது ஐபிஎஸ் பெனல்," என்றார் ஹபீஸ், கொஞ்சம் வெட்கத்தோடு. "நெறம் சரியா காட்டும். பக்கவாட்டுல நின்னு பாத்தாலும் மாறாது. ஆனா கடையில வெச்சா மத்ததுக்குப் பக்கத்துல மங்கலா தெரியும், அதனால யாரும் கேக்குறதில்ல."

என் பங்குக்கு நானும் ஒரு சோதனை வைத்தேன். பரீட்சைத் தாள் ஒன்றைத் திறக்கச் சொல்லி, பொடி எழுத்தைக் கண்ணாடி போடாமலே வாசித்தேன். எதிரே எரிந்த மின்குமிழ் திரையில் தெரியவில்லை. திரையின் காலை உயர்த்தவும் தாழ்த்தவும் முடிந்தது. குனிந்து குனிந்து அவளுக்குக் கழுத்துப் பிடிக்கிறதென்று நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! அதையே கட்டச் சொன்னோம்.

அதை லுணுகலைக் கடையில் பொருத்தியதும் கலாராணி செய்த முதல் வேலை, பழைய படங்களைத் திறந்ததுதான். மணப்பெண்கள், அடையாள அட்டைக்காரர்கள், என் பாடசாலை ஆசிரியர்கள், நான் உட்பட எல்லாரும் சுண்ணாம்பில் முக்கியெடுத்தவர்களாக வந்துகொண்டே இருந்தோம். எனக்குச் சிரிப்பு அள்ளிக்கொண்டு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"எல்லாரையும் அழிச்சிருக்கேன் டீச்சர்," என்றாள்.

"அவையள் கேட்டு வாங்கினவை," என்றேன். அவள் தலையை ஆட்டினாள். சமாதானமாகவில்லை.

பிறகு மாடசாமியைத் தொடங்கினாள். பாதி வழியில் அவள் கை தானாகவே வெளிச்சத்தை ஏற்றப் போகும். நானே பார்த்தேன், மற்றக் கையால் அதைப் பிடித்து இழுத்துக்கொள்வாள். வெயிலிலும் குளிரிலும் காய்ந்த அந்தக் கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. கவ்வாத்துக் கத்தி பட்ட தழும்பு நெற்றியில் இருந்தது. முன்பு மரியாதைக்காக அழித்ததை இப்போது மரியாதைக்காகவே விட்டுவிட்டாள். அச்சாகி வந்த படத்தைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டும் ஒரே ஆள்.

திதிக்கு முதல் நாள் பின்னேரம் பெரியாயி வந்தாள். பனி மேசைக்கு வந்துவிட்டது. கலாராணி படத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தாள். இதுவும் அவர் இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று நானும் யோசித்தேன்.

பெரியாயி வெகுநேரம் பார்த்தாள். அழவில்லை. அவிழ்ந்து கிடந்த முந்தானையை எடுத்துச் சரியாகப் போட்டுக்கொண்டாள். பிறகு, வேலையால் பிந்தி வந்த புருஷனைக் கேட்கிற கோபத்தோடு படத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"என்னாங்க, இப்பத்தான் வர வழி தெரிஞ்சிச்சா?"

கலாராணி என்னைப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் சத்தம் போடாமல் வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டுப் படியில் நின்றோம்.