கூட்டுத்தொகை சரி, நம்பர் தப்பு

போன வாரம் நல்ல மழை. போடிமெட்டு ரோட்டில் எஸ்டேட் ஜீப் ஒன்றின் மேல் மரம் சாய்ந்துவிட்டதாம் — கடைக்கு வந்தவர் சொன்னார். என் மனைவி அப்போது அதே ரோட்டில், ஏதோ ஒரு எஸ்டேட் ஜீப்பில் மலை இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

அவள் போனில் சார்ஜ் இல்லை. அணைவதற்கு முன் கூப்பிட்டு டிரைவர் நம்பரைச் சொல்லியிருந்தாள். பத்து இலக்கம்.

எங்கள் ஏலக்காய்க் கடையில் ஒரு பழக்கம். மலையில் சிக்னல் எப்போது அறுந்துபோகும் என்று தெரியாது. அதனால் எந்தப் பெரிய எண்ணைச் சொன்னாலும், இலக்கங்களை ஒற்றை எண் வரும்வரை கூட்டி, அதையும் சொல்லிவிடுவோம். இங்கேயும் அதே வந்தால் சரி.

"எட்டு வருதா?" என்றாள். கூட்டினேன். "எட்டுதான்." லைன் போய்விட்டது.

இப்போது அந்த நம்பருக்கு அடித்தேன். யாரோ ஒரு அம்மா எடுத்தார். "ஜீப்பா? இது திருச்சிப்பா."

திரும்பக் கூட்டினேன்... எட்டு. அப்புறம் எப்படித் தப்பாகும்? கூட்டல் சரியாக இருந்தால் உலகமே சரியாக இருக்கும் என்று நம்பி வளர்ந்த ஆள் நான்.

சிலமலையில் கணக்கு வாத்தியாராக இருக்கும் மைத்துனனைக் கூப்பிட்டேன். அவள் அவனுக்கு அக்கா அல்லவா? அவனும் பதறிவிட்டான்.

"மச்சான், இடம் மாத்தி எழுதிருப்பீங்க. இருபத்தேழு எழுபத்திரெண்டானாலும் கூட்டு ஒம்பதுதான். எவ்வளவு பெரிய நம்பரா இருந்தாலும் அப்படித்தான்."

"அப்ப எத்தனை நம்பர்டா எட்டு காட்டும்?"

"அதே பத்து இலக்கத்தக் கலைச்சுப் போட்டாலே லச்சக்கணக்குல வரும்."

எண்ணைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது அன்றைக்குத்தான். அத்தனை லட்சத்தில் ஒன்றில் அவள் இருக்கிறாள். இருக்கிறாளா?

"வெரசா எழுதுறப்போ பக்கத்துப் பக்கத்து இலக்கந்தான் மாறும் மச்சான். பத்து இலக்கத்துக்கு ஒம்பது சோடி. கடைசிலருந்து ஒவ்வொண்ணா மாத்தி அடிங்க."

முதல் சோடி — அப்படி ஒரு நம்பரே உபயோகத்தில் இல்லை. அடுத்தது, யாரோ திட்டினார். அதற்கடுத்தது... அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தார்கள். பின்னால் மழைச் சத்தம்.

"ஜீப்பு டிரைவருங்களா?"

"ஆமாண்ணே. அக்காகிட்ட குடுக்கவா?"

அவள் வந்தாள். மரம் விழுந்தது முன்னால் போன ஜீப்பின் மேல். ஆட்கள் அதற்கு முன்பே இறங்கி நின்றதால் தப்பித்தார்களாம். "நாங்க பின்னாடி நிக்கிறோம். ஏன் உங்களுக்கு இப்படி மூச்சு வாங்குது?" என்றாள். அழுதுவிட்டேன்.

இப்போதெல்லாம் அவள் எந்த நம்பரைச் சொன்னாலும், கூட்டுவதோடு நிறுத்தாமல் ஒவ்வோர் இலக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரிக்கட்டுமே... அந்தச் சத்தம் கேட்டால் போதும்!