பிரியதத்தன் என்ற பேய்

எனக்கு எழுத்துத் தெரியாது. செபம் தெரியும். அதுவும் வெகுகாலம் பாதிதான் தெரியும். இதைச் சொன்னால் வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவளும் சிரிக்கிறாள். சிரிக்கட்டும், எனக்கும் சிரிப்புத்தான் வருகிறது.

நான் பிறந்தது காளையார்கோவிலுக்குக் கிழக்கே, வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், ஒரு தெருவாகக் குடியிருந்த ஊர். பொழுது சாய்ந்தால் அம்மா முன்னால் முழங்கால் போடுவாள், பிள்ளைகள் நாங்கள் பின்னால். மாதாவுக்குச் சொல்கிற மங்கள வார்த்தைச் செபம் இரண்டு பாதியாக இருக்கும். முன்பாதியை ஒருவர் சொல்லி நிறுத்த வேண்டும், பின்பாதியை மற்றவர்கள் சொல்லி முடிக்க வேண்டும். எங்கள் அம்மா முன்பாதியை மென்று விழுங்கிவிடுவாள். உலை கொதிக்கிற அவசரம் அவளுக்கு. அவள் என்ன சொல்கிறாள் என்று எங்களுக்குத் தெரியாது, நிறுத்துகிற இடம் மட்டும் தெரியும். அவள் நிறுத்தினால் தூங்கி வழிகிற பிள்ளையின் வாய்கூடத் தானாகப் பின்பாதியைத் தொடங்கிவிடும். கல்யாணமாகிப் போன இடத்தில் மாமியார் முன்பாதியைப் பிடித்துக்கொண்டாள். அதனால் முன்பாதியைக் கற்றுக்கொள்ள வேண்டிய தேவையே எனக்கு வரவில்லை.

கையிலிருந்த அந்தப் பாதியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்கிறீர்கள்? நாய் துரத்தினால் சொல்வேன். வரப்பில் பாம்பு கிடந்தால் சொல்வேன். ஒற்றைப் புளியமரத்தைத் தாண்டும்போது ஓடிக்கொண்டே சொல்வேன். கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு, வாயில் பாதி செபம். கையில் கம்பு வைத்திருக்கிறவள் மாதிரித்தான் நான் வேதத்தை வைத்திருந்தேன்.

வாழ்க்கைப்பட்ட ஊர் நாச்சியாபுரம். காரைக்குடிக்கு ரயில் வராத காலம். என் வீட்டுக்காரர் செட்டியார் வீடுகள் கட்டுகிற இடத்தில் சுண்ணாம்பு அரைத்தார். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்து மினுக்குகிற சுவர் அது, முகம் பார்க்கலாம். வெள்ளைக்கரு சுவருக்குப் போனால் மஞ்சள்கரு எங்கே போகும்? எங்கள் சட்டிக்குத்தான். அந்த வருஷம் மஞ்சள்கருவைத் தின்று தின்று எனக்குக் கோழியைக் கண்டாலே குமட்டியது. அது போகட்டும்.

அப்படி ஒரு வீட்டில்தான் கூட்டித் துடைக்கிற வேலை எனக்குக் கிடைத்தது. ஆண்கள் எல்லோரும் பர்மாவுக்குத் தொழிலுக்குப் போயிருந்தார்கள். அவ்வளவு பெரிய வீட்டில் இருந்தது பெரிய ஆச்சி, அவர் மருமகளான சின்ன ஆச்சி, சமையல்காரி அக்கா. அவ்வளவுதான். மற்ற அறைகளெல்லாம் பூட்டிக் கிடக்கும். மத்தியானச் சாப்பாடு முடிந்து அவர்கள் கண்ணயர்ந்தால் நடுமுற்றத்தில் வெயில் நேராக இறங்கி நிற்கும். தூணுக்குக்கூட நிழல் இருக்காது. நான் குனிந்து துடைத்துக்கொண்டே போனால் சுவருக்குள் ஒருத்தி குனிந்து துடைத்துக்கொண்டே கூட வருவாள். நான்தான் அது என்று தெரியும். இருந்தாலும் நான் நின்ற பிறகு அவள் ஒரு நொடி கழித்து நிற்பது போலத் தோன்றும். உடனே பாதி செபம்.

பெரிய ஆச்சி முற்றத்துக்குப் பின்னால் இரண்டாங்கட்டு அறையில் படுக்கையாகக் கிடந்தார். பேச்சு நின்று வெகுநாள் ஆகியிருந்தது. ஒரு மத்தியானம் அந்த அறைக்கு வெளியே துடைத்துக்கொண்டிருக்கிறேன், உள்ளேயிருந்து குரல் வருகிறது. கிழவியின் குரல் இல்லை. கொஞ்சம் கரகரத்த, நடுவயதுப் பெண்ணின் குரல். ஏதோ முணுமுணுக்கிறது, நிற்கிறது. மறுபடி முணுமுணுக்கிறது, அதே இடத்தில் நிற்கிறது.

என் வாய் திறந்துகொண்டது. நான் திறக்கவில்லை. பின்பாதியின் முதல் சொல் என் வாயிலிருந்து வெளியே வந்து விழுந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

ஈரத்துணியோடு வாயைப் பொத்திக்கொண்டேன். உள்ளே சத்தம் இல்லை. யாரோ காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிற மாதிரி ஒரு அமைதி. பிறகு அந்தக் குரல் மறுபடி தொடங்கியது. இந்தத் தடவை வேகமாக, ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் தொடங்குகிற மாதிரி. வாளியை அப்படியே போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடினேன்.

“சேசு மரி சூசையே! அக்கா, உள்ள யாரு பேசுறது?”

சமையல்காரி அக்கா அப்பளத்தைத் திருப்பிக்கொண்டே என்னைப் பார்த்தாள். “உனக்கும் கேட்டுருச்சா? ஒரு வாரமா நடக்குது. சின்ன ஆச்சி வெளிய சொல்லக் கூடாதுன்னு இருக்காக.”

“ஆச்சி குரலே இல்லையே அது!”

“இல்லதான். அது அவுகளுக்குப் பால் குடுத்தவ குரலா இருக்கும்னு எனக்கு ஒரு நெனப்பு. பெத்தவ போனதும் ஒங்க ஊர்ப் பக்கத்துலருந்து வந்த ஒரு வேதக்காரிதான் ஆச்சிய வளத்தாளாம். ஆச்சி பாவாட கட்டுற வயசுல அவளும் பேதியில போயிட்டா. எங்க ஆத்தா சொல்லும். நீ வேற, மொகத்த இப்பிடி வச்சுக்கிட்டு நிக்காத. அப்பளம் கருகுது.”

தனியாக இருந்த வேதக்காரி, கூடச் சொல்ல ஆள் இல்லாமல் குழந்தைக்குப் பின்பாதியைத்தான் சொல்லிக்கொடுத்திருப்பாள். அப்படியானால் ஆச்சிக்குத் தெரிந்திருக்க வேண்டியது என் பாதி அல்லவா? முன்பாதியைச் சொல்கிறவள் யார்?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் காலில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டே கேட்டார்.

“பேய வெரட்டத்தான நீ அந்தச் செபத்தச் சொல்லுவ?”

“ஆமாங்க.”

“இப்ப பேயே அதச் சொல்லுதா?”

“ஆமாங்க.”

“அப்ப அது ஒன்ன வெரட்டுது போல. பேசாம இரு. நம்மதான் கொண்டாந்து விட்டோம்னு சொல்லிட்டாகன்னா எனக்கும் வேல போயிரும்.”

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அது முள்ளாகக் குத்தியது. என் கம்பு என் கையில் இல்லை. அது அந்த அறைக்குள் இருந்தது, யாரோ பிடித்திருந்தார்கள்.

சாக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு கோடாங்கியை அழைத்து வந்தார்கள். உடுக்கை அடித்துப் பேய் ஓட்டுகிறவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அவர் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “யார்றா நீ? பேரச் சொல்லு” என்று அதட்டினார். பெரிய ஆச்சியின் வாய் அசைந்தது. செபத்தின் முன்பாதியில் அப்போது ‘பிரியதத்தம்’ என்று ஒரு சொல் உண்டு. பாதிரியார்கள் போட்ட சொல், அருள் என்று அர்த்தமாம். எங்களுக்கே புரியாது, கோடாங்கிக்கு எங்கே புரியும்?

“பேரு வந்திருச்சு ஆச்சி! பிரியதத்தன். வடநாட்டு ஏவாரி. பர்மாவுக்குப் போற கப்பல்ல செத்தவன். ஒங்க வீட்டுப் பெட்டியோட பெட்டியா வந்து எறங்கிட்டான்.”

இன்று நினைத்தால் வயிறு வலிக்கச் சிரிப்பேன். அன்று சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் மிளகாய்ப் புகை போட்டு, புளியம்விளாரால் அடித்து அவனை இறக்க வேண்டும் என்றார். பெரிய ஆச்சி கிடந்த கிடையை நான் தினமும் பார்க்கிறவள். தோலும் எலும்பும். புளியம்விளார் இரண்டு தடவை பட்டால் பேய் போகிறதோ இல்லையோ, ஆச்சி போய்விடுவார். சின்ன ஆச்சிக்கும் அது தெரிந்துதான் இருந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேறு வழி அவருக்குத் தெரியவில்லை.

வழி தெரிந்தவள் நான் ஒருத்தி. எனக்கோ பயம். அந்தக் குரலுக்குப் பதில் சொன்னால் பேய்க்குப் பதில் சொன்ன பாவமாகுமோ? நம்முடைய செபத்தைச் சொல்லிப் பரிகாசம் பண்ணுகிற பிசாசோ? பங்குச் சாமியார் எங்கள் பக்கம் வர இன்னும் நாள் கிடந்தது, கேட்கவும் ஆள் இல்லை.

வியாழக்கிழமை பொழுது சாய்ந்ததும் வழக்கம்போல் மாமியார் முன்பாதியைச் சொல்லி நிறுத்தினாள். எல்லோரும் பின்பாதியைச் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. அதனால் அந்த நிறுத்தத்தை முதல் தடவையாகக் காதால் கேட்டேன். பிறந்ததிலிருந்து அதற்குள் விழுந்து பேசிக்கொண்டே இருந்தவள், அதை எங்கே கேட்டேன்? ஒருத்தி ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தைத் தூக்க ஆள் வருமா என்று பார்க்கிற மாதிரி இருந்தது. ஆச்சி வீட்டில் ஒரு வாரத்துக்கு மேலாக ஒருத்தி அப்படித் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் உயிரோடு இருக்கிறவளா செத்தவளா என்பது எனக்குத் தெரியாது. கை வலிக்கும் என்பது மட்டும் தெரிந்தது.

“என்னடி, வாயில கொழுக்கட்டையா?” என்றாள் மாமியார்.

வெள்ளிக்கிழமை உச்சி. நடுமுற்றத்தில் நிழல் இல்லை. இரண்டாங்கட்டு அறையில் உடுக்கைச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பித் திரும்பி வந்து, பல பேர் அடிக்கிற மாதிரி கேட்டது. மிளகாய்ப் புகையில் பெரிய ஆச்சி இருமினார். இருமலுக்கு நடுவே அந்தக் குரல், கரகரவென்று, முன்பாதி. நின்றது. கோடாங்கி விளாரை ஓங்கினார்.

“போறியா இல்லையாடா, பிரியதத்தா!”

நான் வாசலில் முழங்கால் போட்டுவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு பின்பாதியை உரக்கச் சொன்னேன், கடைசிச் சொல் வரைக்கும். நாயை விரட்டுகிற மாதிரி அல்ல. அதைச் சொல்லிக்கொண்டு ஓடாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

உடுக்கை நின்றது. புகைக்குள்ளிருந்து அந்தக் குரல் பெருமூச்சு விட்டது. சத்தியமாகக் கேட்டேன். பிறகு நிதானமாக மறுபடி முன்பாதி. நான் பின்பாதி.

கோடாங்கி என் பக்கம் திரும்பினார். “ஆத்தி! இவளையும் புடிச்சிருச்சு! ரெண்டாயிருச்சு ஆச்சி, ரெண்டு பேய்க்கு நான் கூலி பேசல!” விளார் என் தோளில் விழுந்தது. சுரீர் என்றது. நான் சொல்வதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவள் கையிலிருந்து நழுவிவிடும் என்று எனக்குத் தோன்றியது.

“விடுங்க அவள!” சின்ன ஆச்சி சத்தம் போட்டு நான் கேட்டது அன்றுதான். “அங்குட்டுப் பாருங்க. எங்க மாமியா கை.”

ஒரு வாரமாகப் பாயைப் பிறாண்டிக்கொண்டே இருந்த கை, நெஞ்சின் மேல் அசையாமல் கிடந்தது. விரல் மட்டும் ஒவ்வொன்றாக நகர்ந்தது, செபமாலை மணி உருட்டுகிற மாதிரி.

“புகைய அணைச்சிட்டு எழுந்திரிங்க கோடாங்கி. போதும்.”

அவர் போன பிறகு சின்ன ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டில் அது நடக்காத காரியம்.

“நீ என்னத்தச் சொன்ன?”

“எங்க செபம் ஆச்சி. ஆச்சிய வளத்தவுக சொன்னதா இருக்கும்.”

“அது கெடக்கட்டும். அர்த்தம் என்ன?”

எனக்குத் திக்கென்றது. அர்த்தமா? பேசத் தெரிந்த நாளிலிருந்து சொல்கிறேன், என்னிடம் யாரும் கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டதில்லை. ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்த்துச் சொன்னேன்.

“பாவிக நாங்க... எங்களுக்காக வேண்டிக்கங்கன்னு மாதாகிட்ட கேக்குறது ஆச்சி. இப்பவும்... அப்புறம்...” அடுத்த சொல்லை அப்போதுதான் பார்த்தேன். “சாகுற நேரத்துலயும்.”

வாடாமல் இருக்கும் சின்ன ஆச்சியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலங்கியது.

“அதத்தான் கேட்டுக்கிட்டே கெடந்தாகளா? நாங்க தெனமும் வந்து, எழுந்திருச்சிருவீக, மகன் பர்மாவுலருந்து வந்திருவாகன்னு சொல்லிக்கிட்டே இருந்தோமே. நேரம் வந்திருச்சுன்னு யாருமே அவுககிட்டப் பேசலையே!”

“எனக்கும் இப்பத்தான் ஆச்சி காதுல விழுந்துச்சு” என்றேன். பொய்யில்லை. புளியமரத்துக்கும் பாம்புக்கும் நான் வீசிக்கொண்டிருந்தது சாகிற மனிதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டிய சொல்.

“நாளைக்கும் வந்து சொல்லு. கூட்டுறத அப்புறம் பாத்துக்கலாம்.”

அப்போது பெரிய ஆச்சி கண்ணைத் திறந்தார். பேசினார். கரகரத்த குரல் இல்லை, அவருடைய சொந்தக் குரல். மெல்லிசாக, அதிகாரமாக. “தண்ணி.”

நான் செம்பை எடுத்துக்கொண்டு படுக்கைக்குப் பக்கத்தில் குனிந்தேன். ஆச்சி என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே, எனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார்.

“அவளுக்கு மொதல்ல குடு.”

“யாருக்கு ஆச்சி?”

“ஒனக்குப் பின்னாடி நிக்கிறாளே. எவ்வளவு நேரமாச் சொல்லிக்கிட்டு நிக்கிறா, தொண்ட வறண்டிருக்காது?”

சின்ன ஆச்சி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அவர் திரும்பிப் பார்த்தாரா, அந்தப் பளபளத்த சுவரில் என்ன தெரிந்தது, நான் அவரிடம் ஒருநாளும் கேட்கவில்லை. கால் வாசல் பக்கம் இழுத்தது. பழைய நானாக இருந்தால் முற்றத்தைத் தாண்டி, தெருவைத் தாண்டி, வீட்டில் போய்த்தான் நின்றிருப்பேன்.

பின்பக்கமாகக் கையை நீட்டி, செம்பிலிருந்து கொஞ்சம் தண்ணீரைத் தரையில் ஊற்றினேன். பிறகு பெரிய ஆச்சியின் தலையைத் தூக்கிப் பிடித்து, மீதியை அவருக்குக் கொடுத்தேன்.