கேக் ஓவனில் வெந்த எஞ்சின்

எனக்குத் திருமணமாகிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. அந்தப் பதினோரு நாளில் என் கணவர் என்னிடம் பேசியதையெல்லாம் ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம். சாப்பிட்டீங்களா, பஸ் கிடைச்சுதுங்களா, ஃபேன் காத்து போதுங்களா, அவ்வளவுதான். எல்லாவற்றிலும் ஒரு 'ங்க'. பேங்க் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவரைப் போலத்தான் என்னிடம் நடந்துகொண்டார்.

மலாய் நாட்டில் எண்பதுகளின் தொடக்கம் அது. நான் கிள்ளான்காரி. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தேன். என் கணவர் செந்தூல் ரயில் பட்டறையில் ஃபிட்டர். பெண் பார்க்க வந்த அன்று என்னைப் பார்த்ததைவிட எங்கள் வீட்டு ஃபேனைத்தான் அதிகம் அண்ணாந்து பார்த்தார். கிளம்பும்போது அப்பாவிடம், "பேரிங் போயிருக்கு அங்கிள்" என்றார். பையன் கூச்ச சுபாவம் என்று அம்மா சந்தோஷப்பட்டாள்.

பன்னிரண்டாம் நாள் ஞாயிறு. வீட்டின் பின்கட்டில் துணி உலர்த்தப் போனவள், மூலையில் தார்ப்பாய் மூடிக் கிடந்ததைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே ஒரு மோட்டார் சைக்கிளின் எலும்புக்கூடு. விளக்கு இல்லை, கண்ணாடி இல்லை. கட்டை கட்டையாகப் பற்கள் வைத்த டயர்கள் வெடித்திருந்தன. சுற்றிலும் இருபது முப்பது பால்மாவு டின்களும் பிஸ்கட் டின்களும். ஒவ்வொன்றிலும் காகிதம் ஒட்டி, எறும்பு ஊர்ந்ததுபோல் சிறிய எழுத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிருந்தது.

பின்னால் திரும்பினால் அவர் நிற்கிறார், திருடிய கையோடு மாட்டிக்கொண்டவர்போல. இது என்ன என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். அடுத்த ஒரு மணி நேரம் அந்த மனிதர் நிறுத்தவே இல்லை.

மேரு பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோரில் கண்டெடுத்தாராம். அதன் அடியில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததாம். மண்ணில் ஓட்டுவதற்கென்றே செய்த வண்டி, 250 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக். அப்போது மண் பந்தயத்துக்கு வருகிற எல்லாரும் டூ ஸ்ட்ரோக்தான் வைத்திருந்தார்கள். லேசான வண்டி, கொசுமாதிரி கத்திக்கொண்டு பறக்கும். இதுவோ கனம். பட்டறையில் கூட வேலை செய்பவர்கள் இதற்குக் கிழட்டு எருமை என்று பெயர் வைத்திருந்தார்கள். நாலு மாதத்தில் பூச்சோங் பக்கம் ஈயம் தோண்டிக் கைவிட்ட குட்டைகளின் மணலில் ஒரு பந்தயம் வருகிறது, அதில் எருமையை ஓட்டிக் காட்டுகிறேன் என்று அவர் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். எஞ்சினோ டின்களில் கிடந்தது.

இறுகிப்போயிருந்த பிஸ்டனை டீசலில் ஒரு வாரம் ஊறவைத்துக் கழற்றியிருந்தார். சிலிண்டரைக் கடைந்து புதுப் பிஸ்டனும் ஏற்பாடு செய்துவிட்டார். இப்போது வால்வில் நின்றிருந்தார். எஞ்சின் மூச்சு வாங்கவும் விடவும் உள்ள கதவுகள் அவை. சந்தில்லாமல் மூடவில்லை என்றால் வண்டிக்குப் பலமே இருக்காது. கதவு உட்காரும் விளிம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் வழியில்லை. அது ஒரு வளைந்த துவாரத்துக்குள் ஒளிந்திருந்தது. டார்ச் அடித்து ஒற்றைக் கண்ணை மூடி எட்டி எட்டிப் பார்த்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை என் பிழைப்பே அதுதானே.

மறுநாள் டாக்டரிடம் கேட்டு, மங்கிப்போனதென்று ஒதுக்கிவைத்த வாய்க் கண்ணாடி ஒன்றும் நாலைந்து பழைய ஊசிக் கருவிகளும் கொண்டுவந்தேன். கூடவே கொஞ்சம் நீலத் தாள். பல் அடைத்த பிறகு நோயாளியைக் கடிக்கச் சொல்வோமே, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எங்கே இடிக்கின்றன என்று நீலமாகக் காட்டும், அது. அந்த நீலத்தை வால்வின் ஓரத்தில் தேய்த்து அதன் இடத்தில் வைத்து அழுத்தி எடுத்தேன். வட்டம் முழுசாக விழவில்லை. பாதி வட்டம்தான்.

"பாதிதான் கடிக்குதுங்க. பாதி தூக்கி நிக்குது" என்றேன்.

அவர் கண்ணாடியை வாங்கி உள்ளே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பெண் பார்க்க வந்த அன்று அவர் எங்கள் ஃபேனைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இது அதைவிட ஒருபடி மேல்.

அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் பின்கட்டுதான். கொசுவர்த்தி ஏற்றிவைத்து எதிரெதிரே உட்காருவோம். அரைக்கும் பசையை வால்வில் தடவி, ரப்பர் ஒட்டிய குச்சியால் பிடித்து, உள்ளங்கைகளுக்கு இடையில் மத்துக் கடைவதுபோல் இப்படியும் அப்படியும் உருட்டவேண்டும். ஒருவருக்குக் கை வலித்தால் மற்றவர். பேச்சு வால்வில் தொடங்கி எங்கெங்கோ போகும். அவருக்குப் பாகற்காய் பிடிக்கும் என்பதும், மின்னலுக்குப் பயம் என்பதும் அப்படித்தான் எனக்குத் தெரிந்தன. ஒன்பதாம் நாள் நீல வட்டம் முழுசாக விழுந்தது. துவாரத்தில் பெட்ரோல் ஊற்றிப் பார்த்தோம். ஒரு சொட்டு கசியவில்லை. கை தட்டினேன். அவரும் தட்டினார்.

அடுத்தது பேரிங், எஞ்சின் தண்டைத் தாங்கிச் சுழலவிடும் எஃகு வளையம். இரண்டு பாதியாகப் பிரியும் எஞ்சினின் அலுமினிய உறையில் பேரிங்கை இறுக்கமாக உட்காரவைக்கவேண்டும். சுத்தியலால் அடித்தால் உறை வெடிக்கும். உறையைச் சூடாக்கினால் விரியும், பேரிங்கைக் குளிரவைத்தால் சுருங்கும், அப்போது தானே விழும் என்றார். தீயைக் காட்டினால் ஒரு பக்கம் மட்டும் சூடேறிக் கோணிப்போகுமே என்று பயந்தார். எல்லாப் பக்கமும் ஒரே சூடு வேண்டும்.

இருவரும் ஒரே நேரத்தில் அடுப்படியைப் பார்த்தோம்.

அங்கே என் மாமியாரின் ஓவன் இருந்தது. அத்தை செந்தூல் வட்டாரத்தில் பிறந்தநாளுக்கும் பண்டிகைக்கும் கேக் செய்து கொடுப்பவர். அந்த ஓவனுக்குத் தினமும் விபூதி வைக்காத குறைதான். வெள்ளிக்கிழமை அவர் கோயிலுக்குப் போனால் திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆகும். வியாழக்கிழமையே பேரிங்குகளை ஐஸ் பெட்டியில் ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். வெள்ளி மாலை அத்தை வாசலைத் தாண்டியதும், மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிய உறையைக் கேக் தட்டில் வைத்து உள்ளே தள்ளினோம். கண்ணாடிக் கதவு வழியாக அது உப்பி வரப்போகிறதுபோல் இருவரும் குந்தி உட்கார்ந்து பார்த்தோம்.

அரை மணி கழித்து அவர் துணி சுற்றிய கையால் உறையை வெளியே எடுத்தார். நான் ஐஸ் படிந்த பேரிங்கை நேராகப் பிடித்து விட்டேன். உண்டியலில் காசு விழுந்ததுபோல் 'டொக்' என்று உட்கார்ந்தது. அடுத்ததும் டொக். எனக்கு ஏனோ சிரிப்பு தாங்கவில்லை. அவர் தரையிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்த பாதி உறையை ஓவனுக்குள் வைத்து மூடினோம். நிமிர்ந்தால் வாசற்படியில் அத்தை. கோயிலில் கூட்டம் என்று பாதியிலேயே வந்துவிட்டார்.

ஓவனைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"என்னடா உள்ள வேகுது?"

"எஞ்சின்மா."

அத்தை தேங்காய்த் தட்டைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்ணாடிக் கதவை எட்டிப் பார்த்தார். பிறகு, "வெந்துருச்சா?" என்று கேட்டார்.

தண்டனை மறுநாள்தான் வந்தது. எண்ணெய் வாசம் போகும்வரை வெறும் கேக்காகச் சுட்டுத் தள்ளினார், எல்லாவற்றையும் நாங்களே தின்று தீர்க்கவேண்டும் என்றார். ஆரஞ்சு கேக்கில் கிரீஸ் வாசம் வந்தால் எப்படி இருக்கும் என்று உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும்.

எஞ்சின் ஒன்றாகி, சட்டத்தில் ஏறி, புது டயரும் பூட்டிய சனிக்கிழமை மதியம் அவர் உதைக்க ஆரம்பித்தார். நாற்பது உதைக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன். தீப்பொறி நன்றாக வந்தது, பெட்ரோலும் இறங்கியது. வண்டி மட்டும் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. கார்புரேட்டரைக் கழற்றி என்னிடம் கொடுங்கள் என்றேன். அதில் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் வரும் பித்தளைத் துளை, தலைமுடி அளவுதான் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே பச்சையாக ஏதோ கட்டியிருந்தது. பல் வேருக்குள் விடுகிற கம்பிகளில் மிக மெல்லியதை எடுத்து, துளை பெரிதாகிவிடாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு சுரண்டினேன். கடைசியில் ஒரு புள்ளி வானம் தெரிந்தது.

மறுபடி உதைத்தார். எஞ்சின் திருப்பி உதைத்து அவரைத் துணிக்கூடைமேல் தூக்கிப் போட்டது. எழுந்து இன்னொரு உதை. டப். டப் டப். பிறகு பின்கட்டு முழுக்க அதிர்ந்தது. அடுத்த வீட்டுச் சேவல் சுவரேறி ஓடியது. அவர் வண்டியில் உட்கார்ந்தபடி மகிழ்ச்சியில் கியரைத் தட்டிவிட்டார். எருமை முன்னங்காலைத் தூக்கியது. கொடியில் காய்ந்த அத்தையின் சேலையைத் தலையில் வாங்கிக்கொண்டு, திறந்திருந்த பின்வாசல் வழியாகச் சந்துக்குள் பாய்ந்து, சந்து முனையில் நின்றது. நான் செருப்பில்லாமல் ஓடினேன். சேலைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "நீ கேட்டியா? சத்தத்த கேட்டியா நீ?" என்றார்.

கேட்டேன். அந்த 'நீ'யையும் சேர்த்துத்தான் கேட்டேன்.

பிறகு சுருதி பிடிக்கும் வேலை. மாலையில் ஊருக்கு வெளியே ஒரு செம்மண் பாதைக்குப் போவோம். அவர் முழு வேகத்தில் ஓட்டி, சட்டென்று எஞ்சினை அணைத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என் கையில் போடுவார். அதன் நுனி வெள்ளையாக இருந்தால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை, கறுப்பாக இருந்தால் அதிகம். எங்கள் நுனி சுண்ணாம்புபோல் வெள்ளை. கிள்ளானில் பழைய சாமான் கடை வைத்திருந்த சீன முதலாளி, தவுக்கே என்போம் அவரை, ஒரு மிட்டாய் டின் நிறையப் பெட்ரோலை அளந்துவிடும் பித்தளை ஜெட்டுகளைக் கொடுத்து வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளச் சொன்னார். ஒவ்வொன்றாய் மாற்றினோம். ஆறாவது ஜெட்டில் பிளக்கின் நுனி தே தாரேக் என்கிற ஆற்றிய பால் டீயின் நிறத்துக்கு வந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அத்தையிடம் காட்டினோம். நல்ல பொன்முறுவல், எடுத்துவிடலாம் என்றார் அவர்.

பந்தயத்தன்று காய்கறிக்காரரின் லோரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு போனோம். தன் ஓவனுக்கும் பங்கு உண்டு என்று அத்தையும் தேங்காய்ப்பால் சோற்று நாசி லெமாக் பொட்டலங்களோடு ஏறிக்கொண்டார். பதினான்கு வண்டிகள், எட்டுச் சுற்று. கொடி விழுந்ததும் பதின்மூன்று கொசுக்கள் பறந்தன. பின்னால் எங்கள் எருமை. முதல் சுற்றில் கடைசி. இரண்டாவதிலும் கடைசி. அத்தை என்னைத் திரும்பிப் பார்க்காமல் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

மூன்றாம் சுற்றில் மழை கொட்டியது. வெள்ளை மணல் கஞ்சியாகிவிட்டது. கொசுக்கள் நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுற்றிச் சேற்றை வாரி இறைத்தன. ஒன்று குட்டை ஓரத்தில் சரிந்தது. இரண்டு நனைந்து நின்றுவிட்டன. எருமைக்குச் சேறு புதிதா என்ன. வேகமும் கூட்டாமல் குறைக்காமல் டப் டப் என்று மேட்டில் ஏறியது. ஒன்பதாவது, ஏழாவது, ஐந்தாவது. நான் வேலியோரமாக அவருக்கு இணையாக ஓடினேன், வழுக்கி விழுந்தேன், எழுந்து மறுபடி ஓடினேன். ஏழாம் சுற்றில் புகைக்குழாய் கழன்று விழுந்தது. அதன்பின் வந்த சத்தத்தில் அத்தை காதைப் பொத்திக்கொண்டு, "போடா, போடா" என்று கத்தினார். என் கணவர் மூன்றாவதாக வந்து சேர்ந்தார்.

முகம் முழுக்கச் சேறு, பல் மட்டும் தெரிந்தது. கோப்பையை வாங்கி நேராக என் கையில் கொடுத்தார். எனக்குக் குரலே வரவில்லை. கத்தியதில் போனது, திரும்பி வர இரண்டு நாள் ஆயிற்று. திங்கட்கிழமை கிளினிக்கில் 'வாயைத் திறங்கள்' என்று அட்டையில் எழுதிக் காட்டித்தான் சமாளித்தேன்.

கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. லோரியில் ஏற்றுவதற்கு முன் அவர் வண்டியை என் பக்கம் சாய்த்தார்.

"ஓட்டிப் பாக்குறியா?"

சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியதில்லை நான். கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டி ஏறினேன். அவர் கியர், கிளச், பிரேக் எல்லாம் காட்டிக்கொடுத்தார். மெதுவாக விட்டேன். எருமை என்னைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. முதல் கியரிலேயே சுற்று முழுவதும் போனேன். மழை முகத்தில் குத்தியது. மேட்டில் ஏறியபோது தூரத்தில் தெரிந்த குட்டையெல்லாம் வெள்ளியாக மின்னியது. நான் குரலில்லாமல் சிரித்துக்கொண்டே இருந்தேன். முடிவுக் கோட்டில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த மலாய்க்காரர் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். சுருட்டிவைத்திருந்த கட்டம்போட்ட கொடியை உருவி, அவ்வளவு கவனமாக, எனக்காக ஒரு வீசு வீசினார்.

அங்கே நிறுத்தவேண்டும் என்பது தெரிந்தது. எப்படி என்பதுதான் மறந்துவிட்டது. அதனால் இரண்டாவது சுற்றும் போனேன்.