ஸ்டெல்லாவுக்குக் கொடுத்த பேப்பர் கப்

ஸ்டெல்லா போய்விட்டாள். நேற்றுக் காலை, வேல்ஸில், அவள் நர்ஸாக வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில்.

அவள் தம்பி சேவியர்தான் போன் செய்தான். "அக்கா நம்மள உட்டுட்டுப் போயிருச்சுங்க..."

எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இன்று பல்லடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கண்ணில் பட்டது ஒரு ஃப்ளெக்ஸ். இனி வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஸ்டெல்லாவும் நானும் கோயமுத்தூரில் ஒரே வார்டில் நர்ஸ். என்னைவிடச் சின்னவள், என்னைவிட வாய் ஜாஸ்தி. பிறகு இங்கிலாந்தை ஒட்டியிருக்கிற வேல்ஸ் நாட்டுக்கு வேலைக்குப் போனாள். போன இடத்தில் ஒரு சின்ன டவுனுக்குக் கவுன்சிலரும் ஆனாள்.

நம் ஊர்க் கவுன்சிலர் மாதிரி காரும் கூட்டமும் கிடையாது. டூட்டி முடிந்து, யூனிஃபார்மை மாற்றிக்கொண்டு, மீட்டிங்குக்கு ஓடுவாள்.

"லண்டன்லயா இருக்கீங்க?" என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு. "கோயமுத்தூர்க்காரங்களப் பார்த்து மெட்ராஸான்னு கேட்டா சும்மா இருப்பீங்ளா? வேல்ஸுங்க. அது தனி ஊரு, தனிப் பாஷை" என்பாள். அந்தப் பாஷையையும் விடாமல் படித்து, கவுன்சிலிலேயே எழுந்து பேசியவள்.

முதல் தடவை ஓட்டுக் கேட்டுப் போன கதையை போனில் சொன்னாள். அந்த டவுனிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரே பஸ்ஸை நிறுத்தப் பார்த்தார்கள். அதை எதிர்த்துத்தான் நின்றாள். நல்ல மழையாம். ஒரு வீட்டில் பெரியவர் ஒருத்தர் கதவைத் திறந்து, "உன் ஊருக்குப் போ" என்றாராம்.

"நீ என்னடி சொன்ன?"

"போறதுக்கு பஸ் வேணுமுங்களே, அதைத்தான நிறுத்தறாங்கன்னு சொன்னேன் அக்கா."

ஸ்டெல்லாவிடம் வைத்துக்கொண்டால் அப்படித்தான்... உள்ளேயிருந்து அவர் வீட்டம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லையாம். மழையில் நிற்காதே என்று உள்ளே கூப்பிட்டு, பூப்போட்ட பீங்கான் கப்பில் டீ கொடுத்திருக்கிறார்.

"குடிச்சு முடிச்சதும் என்னையறியாம கப்பைக் கழுவறதுக்கு எந்திரிச்சுப்போட்டேன் அக்கா. அந்தம்மா வெடுக்குன்னு புடுங்கி வெச்சுட்டாங்க. விருந்தாளி கழுவுவாங்களான்னு கேட்டாங்க."

கழுவ ஏன் எழுந்தாள் என்று எனக்குத் தெரியும். அவள் அப்பா பல்லடத்துப் பக்கம் ஒரு தோட்டத்தில் பண்ணை வேலை பார்த்தவர். அந்தத் தோட்டத்துக்காரர் வீட்டு வாசலில் அவருக்கென்று ஒரு டம்ளர் தனியாக இருக்கும். குடித்தால் அவரேதான் கழுவிக் கவிழ்த்துவிட்டு வர வேண்டும்.

அந்தத் தோட்டத்துக்காரரின் மகன் இப்போது பெரிய விசைத்தறி முதலாளி. ஸ்டெல்லா கவுன்சிலராகி ஊருக்கு வந்தபோது, "நம்ம ஊருப் புள்ள" என்று தன் வீட்டிலேயே பாராட்டு வைத்தார். மாலை, பொன்னாடை, போட்டோ எல்லாம் அமர்க்களம். நானும் போயிருந்தேன்.

அப்புறம் டீ வந்தது. எனக்கு எவர்சில்வர் டம்ளர். சுற்றியிருந்த எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர். ஸ்டெல்லாவுக்கும் சேவியருக்கும் மட்டும் பேப்பர் கப்.

நான் என் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அவள் அசரவில்லை.

"ஏனுங்க, எனக்கு மட்டும் பேப்பர் கப்புங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"ஃபாரின்ல இருந்து வந்திருக்கீங்க அம்மணி, சுத்தபத்தமா இருக்கட்டும்னுதானுங்க..." மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. வார்த்தைக்கு வார்த்தை 'ங்க'.

"சரிங்க. எந்தம்பி எந்த ஃபாரின்ல இருந்து வந்தானுங்க? அவன் கோயமுத்தூரு உக்கடத்தைத் தாண்டுனதில்லீங்களே."

கப்பைத் தொடாமல் எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். மாலையைக் கழற்றிச் சேவியரிடம் கொடுத்துவிட்டு, "அக்கா, வாங்க, பஸ் ஸ்டாண்டுல நல்ல டீயா குடிக்கலாம்" என்றாள். குடித்தோம். அன்றைக்கு அவள் அழுதது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போது அந்த ஃப்ளெக்ஸுக்கு வருகிறேன்.

முதலாளி ஆளுயரத்துக்குக் கைகூப்பி நிற்கிறார். ஸ்டெல்லா ஒரு மூலையில், ஸ்டாம்ப் சைஸில். 'இங்கிலாந்தைக் கலக்கிய எங்கள் மண்ணின் மகளுக்கு வீரவணக்கம்.' இங்கிலாந்தாம்! உயிரோடு இருந்திருந்தால் ஏணி போட்டு ஏறிக் கிழித்திருப்பாள்.

அந்த டவுன் கவுன்சில் போட்ட இரங்கல் செய்தியைச் சேவியர் எனக்கு அனுப்பியிருந்தான். அவர்கள் பாஷை, ஒரு வரி புரியவில்லை. ஆனால் நடுவில் பல்லடம் என்ற பெயர் இருந்தது. மறக்காமல் போட்டிருக்கிறார்கள்.

சாயங்காலம் முதலாளியே போன் செய்தார். நாளை அவர் வீட்டு வாசலில் பந்தல் போட்டு அஞ்சலிக் கூட்டமாம். "நீங்க நம்ம சாதிசனமுங்க அம்மணி. கூட வேலை செஞ்சவீங்க. நாலு வார்த்தை பேசோணும். அந்தத் தம்பியவும் கூட்டியாந்து முன்னால உக்கார வெச்சுருங்க."

சாதிசனமாம். எந்த நேரத்தில் எதைச் சொல்லிக் கூப்பிடுகிறார் பாருங்கள்.

"வாரேனுங்க. சேவியருக்கு டீ எதுல குடுப்பீங்க?" என்று கேட்டேன்.

"சிக்னல் சரியில்லீங்க" என்று போனை வைத்துவிட்டார்.

நான் போகப்போவதில்லை. சேவியரும் போகமாட்டான். அந்த வாசலில் யார் மைக்கைப் பிடித்து என்ன உருகினாலும் அது ஸ்டெல்லாவுக்கான அஞ்சலி இல்லை. தெரிந்தவர்கள் யாரும் ஏமாந்து அங்கே போய் உட்கார்ந்துவிடாதீர்கள்.

அடக்கம் அங்கே வேல்ஸில்தான். இங்கே நாளை சாயங்காலம் சேவியர் வீட்டில் ஜெபம். எந்த மதமானாலும் வாருங்கள். டீ இருக்கும். வருகிற எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர். குடித்துவிட்டு அப்படியே வைத்துவிட்டுப் போங்கள், யாரும் கழுவ வேண்டாம்.

போயிட்டு வா கண்ணு...