பாதியில் இறங்கிய ராட்டினமும் வில்லாபுரத்துச் சால்னாவும்

பங்குனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை ஆறரை மணிக்கு, நானும் சேகரும் மதுரை ரயில் நிலையத்தில் இறங்கினோம். வருடம் 2004. அம்பத்தூரில் ஒரே பட்டறையில் வேலை பார்க்கிற எங்களுக்கு ஒன்றரை நாள் விடுமுறை கிடைத்திருந்தது. அதில் செய்ய வேண்டியவை இரண்டே இரண்டு என்று ரயிலிலேயே முடிவாகியிருந்தது. மதுரைச் சாப்பாட்டை ஒரு கை பார்ப்பது. ஊருக்கு வெளியே புதிதாக வந்திருக்கும் பொழுதுபோக்குப் பூங்காவில் எல்லா ராட்டினத்திலும் ஏறுவது. முதலாவது சேகரின் ஆசை, இரண்டாவதும் அவனுடையதுதான். எனக்கு உயரமென்றாலே ஆகாது. நண்பனுக்காக வந்தேன் என்று சொல்லிக்கொண்டேன்.

வாசலில் பாண்டி நின்றிருந்தான். எங்களோடு ஒரே அறையில் நான்கு வருடம் குடியிருந்துவிட்டு, கல்யாணத்துக்காக ஊருக்குப் போனவன், பிறகு திரும்பவேயில்லை. வில்லாபுரத்தில் சின்னதாக ஒரு மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். ஏழு வருடத்தில் தொப்பை போட்டிருந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"எம்புட்டு வருசமாச்சுடா மாப்ள! சேகர் என்ன இப்பிடி ஊதிட்டான்?"

"நீ மட்டும் என்ன, ஊசி மாதிரியா இருக்கே?" என்றான் சேகர்.

டவுன்ஹால் ரோட்டில் இருநூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு அறை எடுத்தோம். குளித்துவிட்டு இட்லி சாப்பிடப் போனோம். ஓர் இட்லிக்கு நான்கு வகைச் சட்னி ஊற்றினார்கள். நான்கையும் கலக்கக் கூடாது என்று பக்கத்து இலைக்காரர் கண்டிப்போடு சொன்னார், சேகர் கலந்தான், அவர் எழுந்து வேறு மேசைக்குப் போய்விட்டார். பாண்டி இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டான். நூலகத்தில் உட்கார்ந்திருப்பவனைப் போல அவன் அமைதியாகச் சாப்பிட்டது எனக்கு விநோதமாக இருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் தட்டிலிருந்தும் எடுத்துத் தின்கிறவன் அவன்.

பதினொரு மணிக்கு ஜிகர்தண்டா. ஒரு டம்ளர் பத்து ரூபாய். பாலும் கடற்பாசியும் நன்னாரியும் மேலே ஐஸ்கிரீமும் சேர்ந்து உள்ளே இறங்கியதும் பங்குனி வெயில் இரண்டு தெரு தள்ளிப் போய்விட்டது. சேகர் மூன்று டம்ளர் குடித்தான். பிறகு, "இப்போ கறி" என்றான்.

மதியம் ஒரு மணிக்கு வில்லாபுரம் போனோம். அங்கே ஒரு புரோட்டாக் கடையின் பெயர் அம்பத்தூர் வரைக்கும் வந்திருந்தது. பாண்டி வேறு கடைக்குப் போகலாமா என்று இரண்டு முறை கேட்டான். சேகர் விடவில்லை. நான்கு மேசை, தகரக் கூரை, வாசலிலேயே தோசைக்கல். கணவர் புரோட்டா அடிக்க, மனைவி பரிமாறினார். நாற்பத்தைந்து வயதிருக்கும் அந்த அக்காவுக்கு. அவர் பேசுவதைக் கேட்டால் திட்டுவது மாதிரி இருக்கும்; ஆனால் கை நிறைய வைப்பார்.

பாண்டி அடுப்புக்குப் பக்கத்துக் குழாயில் கை கழுவினான். சட்டைக் கையை மடித்தபோது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு தெரிந்தது. ஏதோ கோயில் கயிறு என்று நினைத்தேன். "எனக்கு வயிறு சரியில்ல மாப்ள. ரெண்டு புரோட்டாவும் சீனியும் போதும்" என்று எங்களிடம் சொல்லிவிட்டு, எதிரே இருந்த ஒரு ரூபாய் போனில் பேசப் போனான்.

எங்களுக்குக் கறி தோசை வந்தது, சுக்கா வந்தது, மேலே ஊற்றச் சால்னாவும் வந்தது. பாண்டியின் இலையில் இரண்டு புரோட்டா விழுந்தது. சென்னையிலிருந்து வந்த விருந்தாளிகள் இரண்டு பேர் சுக்கா தின்ன, விருந்து கொடுக்கிறவன் சீனி தொட்டுத் தின்பதா? "அவனுக்கும் சால்னா ஊத்துங்கக்கா" என்றான் சேகர். அக்கா எங்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு உள்ளே போய் வந்து ஊற்றினார்.

பாண்டி திரும்பி வந்ததும் இலையைப் பார்த்து நின்றான்.

"இதுல கறி கிடக்கா?"

"ஒரு துண்டு இல்லடா. வெறும் கொழம்பு" என்றான் சேகர், இலையை எட்டிப் பார்த்துவிட்டு.

பாண்டி கொஞ்சம் யோசித்தான். பிறகு பசி ஜெயித்துவிட்டது. ஊறிய புரோட்டாவை அவன் தின்ற வேகத்தைப் பார்த்தபோது வயிறு சரியில்லாதவனாகத் தெரியவில்லை.

பூங்கா திருமங்கலம் சாலையில் இருக்கிறது. பேருந்து திருப்பரங்குன்றம் மலையை ஒரு பக்கமாக விட்டுவிட்டுப் போனதும் ஊர் சட்டென்று முடிந்து, கருவேலங்காடும் காய்ந்த கண்மாயும் வந்துவிடுகின்றன. அந்தப் பொட்டலின் நடுவே வண்ணவண்ண இரும்புக் கம்பிகள் வானத்தில் வளைந்து நின்றன. நுழைவுக் கட்டணம் நூற்றைம்பது ரூபாய், எல்லா ராட்டினமும் அதிலேயே அடக்கம். ஒன்றையும் விடக் கூடாது என்று சேகர் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டான்.

முதலில் கொலம்பஸ். கப்பல் போல ஒரு பெரிய ஊஞ்சல். கடைசி வரிசையில்தான் உட்கார வேண்டும் என்று சேகர் அடம்பிடித்தான். முதல் இரண்டு ஆட்டம் சுகமாக இருந்தது. மூன்றாவதில் என் வயிறு மேலேயே தங்கிவிட, நான் மட்டும் கீழே வந்தேன். கண்ணைத் திறந்தால் நேர் எதிரே தலைகீழாகத் தரை. பாண்டி என் தொடையை ஐந்து விரலும் பதியப் பிடித்துக்கொண்டு, "ஆத்தா! ஆத்தா! எறக்கி விட்டுருங்கய்யா!" என்று அலறினான். முன்வரிசையிலிருந்த கல்லூரிப் பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். இறங்கியதும் மூவரும் புல்லில் விழுந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். ஏழு வருடம் பிரிந்திருந்ததே மறந்துபோயிற்று.

பிறகு தலைகீழாகச் சுற்றுகிற ரயில். வரிசையில் எங்களுக்கு முன்னால் பத்துப் பேர். பயத்தை மறக்கச் சாப்பாட்டைப் பற்றிப் பேசினோம்.

"அந்தச் சால்னா இருக்கே, நாக்குலயே நிக்குது" என்றான் சேகர். "கறி போடாட்டியும் எலும்பை ராத்திரி முழுக்க வேக வெச்சு அந்தச் சாறுலதான் செய்வாங்களாம். என் இலையில ஒரு நல்லி எலும்பே விழுந்துச்சு."

பாண்டி வரிசையிலிருந்து விலகினான். பக்கத்தில் இருந்த சிமெண்ட் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். ராட்டினப் பயம் என்று நினைத்துக் கேலி செய்துகொண்டே போன நான், அவன் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

"எனக்குக் காப்புக் கட்டியிருக்குடா" என்றான். சட்டைக் கையைத் தள்ளிக் காட்டினான். மஞ்சள் கிழங்கு கோத்த கயிறு. "எங்க தெரு மாரியம்மனுக்கு நாளைக்குத் தீச்சட்டி எடுக்கணும். எட்டு நாளாக் கவிச்சி தொடல."

"இதை ஏன்டா காலையிலேயே சொல்லல?" கோபமாகவே கேட்டேன்.

"ஏழு வருசங்கழிச்சுத் திங்கணும்னு ஆசையா வாறீங்க. நான் விரதம்னு சொன்னா நீங்களும் சாம்பார் சாதம் தின்னுட்டுப் போயிருவீக."

மீதியையும் அவனே சொன்னான். அவன் மகள் மதிக்கு ஆறு வயது. நான்கு வயதில் காய்ச்சலோடு வலிப்பு வந்தது. பிறகு காய்ச்சல் இல்லாமலும் வந்தது. இரண்டு வருடமாக, காலையும் இரவும் மாத்திரை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபோது, பிள்ளைக்கு மறுபடி வராமலிருந்தால் சட்டி எடுக்கிறேன் என்று வேண்டியிருக்கிறான். வரவில்லை. வருகிற திங்கட்கிழமை அவளுக்குத் தலையில் வயர் வைத்துச் சோதனை. மாத்திரையை நிறுத்தலாமா வேண்டாமா என்று அன்றைக்குத்தான் டாக்டர் சொல்வார். மதியம் ஒரு ரூபாய் போனில் அவன் மனைவியிடம் கேட்டது, பிள்ளை எப்படியிருக்கிறாள் என்றுதான். தினமும் அந்த நேரத்துக்கு அவன் கேட்பதுதானாம்.

"திங்கக்கிழமை ஏதாச்சும் ஒண்ணுன்னா, நான் என் வாயாலதான் கெடுத்தேன்னு ஆயிரும் மாப்ள."

அப்படியெல்லாம் இல்லை, அறியாமல் சாப்பிட்டது கணக்கில் வராது என்று ஏதேதோ சொன்னேன். எனக்கே அது ஒட்டவில்லை. கடைசியில் சேகர்தான், "வாடா, அந்த அக்காவையே கேட்டுடலாம்" என்றான். எங்கள் முறை வந்து ராட்டினக்காரர் கூப்பிட்டார். நாங்கள் வாசலை நோக்கி நடந்தோம்.

பேருந்துக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. நூற்று நாற்பது ரூபாய்க்கு ஒரு ஆட்டோ பேசினோம். மூன்று பேரின் முகத்தையும் கண்ணாடியில் பார்த்துவிட்டு டிரைவர் கேட்டார்:

"என்னண்ணே, ஆஸ்பத்திரிக்கா?"

"இல்லண்ணே. புரோட்டாக் கடைக்கு."

அவர் வண்டியை ஓரங்கட்டி, தலையைத் திருப்பி எங்களைப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி எடுத்தார். திருப்பரங்குன்றம் வந்தபோது பாண்டி மலையைப் பார்த்துக் கும்பிட்டான்.

நாலரை மணிக்கு வில்லாபுரம். கடையில் ஆளில்லை. அக்கா தரையில் உட்கார்ந்து சாயங்காலத்துக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். பாண்டி வாசற்படியிலேயே நின்றுவிட்டான். நான்தான் உள்ளே போய்த் திக்கித் திணறிக் கேட்டேன். மதியம் இவனுக்கு ஊற்றிய சால்னா எந்தச் சட்டியில் எடுத்தது என்று.

அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"காப்புக் கட்டின கையோட கறிக் கடைக்குள்ள வந்து உக்காந்தாரே, அவரைச் சொல்லணும் மொதல்ல. கை கழுவையில பாத்துட்டேன். இந்தத் தம்பி சால்னா ஊத்துங்கக்கான்னு பெரிய மனுசனாட்டம் சொல்லுது. எனக்கு வந்துச்சு பாரு கோவம்!"

"அப்ப..."

"அப்ப என்ன அப்ப? பங்குனி மாசம் இந்தப் பக்கம் பாதிப் பேரு கையில காப்பு. புரோட்டா கேட்டு வாராக, இல்லைன்னா சொல்ல முடியும்? வீட்டு அடுப்புல தனியா உருளக்கெழங்கு, பட்டாணி போட்டு வெக்கிறேன். தனிச் சட்டி, தனிக் கரண்டி. இந்த மாசம் யாரு வந்தாலும் நான் மொகத்தப் பாக்கிறதில்ல, கையத்தான் பாப்பேன்."

எழுந்து உள்ளே போய், ஒரு மண்சட்டியைக் கொண்டுவந்து பாண்டியின் மூக்குக்கு நேரே நீட்டினார். அடியில் கொஞ்சம் பட்டாணியும் ஒரு துண்டு உருளைக்கிழங்கும் ஒட்டியிருந்தன.

பாண்டி சட்டியைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான். பிறகு படியிலேயே உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதான். அக்கா பதறிப்போனார். "அய்யய்ய, ஆம்பளப் புள்ள இதுக்கா அழுவாக? எந்திரிய்யா. யாருக்கு வேண்டியிருக்க?" என்றார். "மகளுக்கு" என்றான். அவர் அதற்கு மேல் திட்டவில்லை. மூன்று பேருக்கும் டீ போட்டுக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். அந்தக் கொலம்பஸிலிருந்து நான் அப்போதுதான் உண்மையில் தரைக்கு வந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, பாண்டியின் தெருவுக்குப் போனோம். வேப்பிலைத் தோரணம், மேளம், கால் சுடாமலிருக்க ரோட்டில் குடம் குடமாகத் தண்ணீர். நாற்பது பேருக்கு மேல் சட்டி ஏந்தி நடந்தார்கள். மஞ்சள் வேட்டியில் பாண்டி மூன்றாவது ஆளாக வந்தான். நேற்று ஊஞ்சலில் அலறியவன், கையில் நெருப்போடு நிதானமாக நடந்தான். சேகர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர்க் குடத்தோடு அவனுக்கு முன்னால் ஓடினான். முதல் நாள் இரவுச் சாப்பாட்டில் முட்டைகூட வேண்டாம் என்றுவிட்டான் சேகர்.

மதிக்குக் கூட்டத்தில் அப்பாவைப் பார்க்க முடியவில்லை. பாண்டியின் மனைவி ராணி, "அண்ணே, கொஞ்சம் தூக்கிக்கிறீகளா?" என்று கேட்டார். தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். விடிவதற்கு முன்பே எழுந்த பிள்ளை, அவ்வளவு மேளச் சத்தத்திலும் என் தோளிலேயே தூங்கிப்போனாள். கொஞ்ச தூரம் நடந்திருப்பேன். அவள் உடம்பு வெடுக்கென்று ஒரு தடவை உதறியது.

கூட்டத்தின் நடுவே அப்படியே நின்று, அவளைக் கையில் இறக்கி முகத்தைப் பார்த்தேன். கண் மூடியிருந்தது. மூச்சு சீராக வந்தது. மூக்கில் உட்கார்ந்திருந்த ஈயைத் தூக்கத்திலேயே தட்டிவிட்டு, வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு திரும்பிப் படுத்தாள்.

நிமிர்ந்தபோது ராணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்லண்ணே, ஈதான். ரெண்டு வருசமா நாங்களும் இப்பிடித்தான் பாத்துக்கிட்டு இருக்கோம்."

அந்த ஒரு நொடி எனக்கே தாங்கவில்லை. இவர்கள் இரண்டு வருடம் இப்படி இருந்திருக்கிறார்கள். ஊர்வலம் முடிகிறவரை நான் அவளை யாரிடமும் கொடுக்கவில்லை.

மாலை ரயிலில் கிளம்பினோம். மதுரையில் தின்ன வேண்டியவற்றில் பாதிகூடத் தின்னவில்லை. ராட்டினங்களில் ஒன்றே ஒன்றில்தான் ஏறினோம். வைகைப் பாலத்தைத் தாண்டும்போது, "நல்லா இருந்துச்சு இல்ல?" என்றான் சேகர். ஆமாம் என்றேன்.

திங்கட்கிழமை பட்டறையில் என் கை வேலையில் இருந்தது, காது முதலாளி அறையிலிருந்த போனில் இருந்தது. மூன்று மணிக்கு அடித்தது. எனக்கு முன்னால் சேகர் போய் எடுத்தான். நான் அவன் கையோடு சேர்த்து ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டேன். பேசியது பாண்டி இல்லை. "மாமா! காலையில மாத்திரை கெடையாதாம்! இனிமே ராத்திரிக்கு மட்டுந்தானாம்! அப்புறம் அதுவும் கெடையாதாம்!" என்று ஒரு சின்னக் குரல் தொண்டை கிழியக் கத்தியது. இன்னொரு தடவை சொல்லும்மா என்றேன். அவள் சொன்னாள்.