தூங்க வைத்த கார்டு

என் அண்ணியின் கழுத்து இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தே இருக்கும். பிறவியில் வந்ததல்ல. ஒரு கண்ணை லேப்டாப்பின்மேலும் ஒரு கண்ணை அடுப்பின்மேலும் வைத்து வைத்து வந்த சாய்வு. எங்கள் வீட்டில் இரண்டே அறைகள். முன்னறையில் மேசை, பின்னறையில் அடுப்பு, நடுவில் கதவில்லாத வாசல். அந்த வாசலில் நின்றே அவர் பாதி நாளைக் கழிப்பார்.

அலமாரி செய்யும் பட்டறை ஒன்றுக்கு அண்ணி படம் போட்டுக் கொடுத்துவந்தார். சமையலறையில் அலமாரி எங்கே வரும், இழுப்பறை எவ்வளவு நீளம், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று எல்லாவற்றையும் கணினியில் வரைந்து, அசல் அறைபோலவே ஆக்கிக் காட்டவேண்டும். வாடிக்கையாளர் அதைப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் பலகையை அறுப்பார்கள். பட்டறையில் அவருக்குப் படக்காரம்மா என்று பேர். கல்யாணமாகி வந்தபோது மவுஸைப் பிடிக்கவும் தெரியாதவர். அண்ணன் யாரிடமோ பழையதாக வாங்கி வந்த லேப்டாப்பில், வீடியோக்களைப் பார்த்து, போட்டுப் போட்டு அழித்துக் கற்றுக்கொண்டார். எனக்குப் படிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்தான் எனக்கும் இதெல்லாம் கொஞ்சம் தெரியும்.

ஒரு படம் முழுதாகத் தெளிய அரைப்பொழுது ஆகும்.

"என்ன அண்ணி, முடிஞ்சுதா?"

"வெந்துட்டிருக்கு. மூடியைத் திறக்காதே" என்பார்.

இவ்வளவு நேரம் பிடித்ததற்குக் காரணம் உண்டு. அந்த லேப்டாப்புக்குள் படம் காட்ட இரண்டு இருந்தன. ஒன்று, அதன் மூளையோடு ஒட்டிப் பிறந்த சின்ன சிப். சாது. மற்றது தனி கிராபிக்ஸ் கார்டு. பலசாலிதான், ஆனால் அது வேலை செய்தால் சூடு ஏறும், சூடு ஏறினால் உள்ளே விசிறி ஊளையிடும். அப்பா முன்னறையில் படுக்கையாகக் கிடந்த காலத்தில் அந்த ஊளையைத் தாங்கமாட்டார். "அந்தச் சனியனை நிறுத்துங்கடா" என்று அழுதேவிடுவார். ஒருநாள் நாங்கள் இரண்டு பேரும் வெளியே போயிருந்தபோது அண்ணன் உட்கார்ந்து ஏதோ செய்திருக்கிறான். "பெரிய கார்டை ஆஃப் பண்ணிட்டேன். இனிமே சத்தம் வராது" என்றான். வரவில்லை. அப்பா தூங்கினார். அண்ணி சின்ன சிப்பை வைத்தே காலம் தள்ளினார். அப்பா போன பிறகும் அப்படியே பழகிவிட்டது.

நான் சாயங்காலம் பட்டறையைப் பெருக்கப் போவேன். அப்படி ஒரு நாள் பெருக்கிக்கொண்டிருந்தபோதுதான் முதலாளி அண்ணியைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதுமே நான் பெருக்குவதை நிறுத்திவிட்டேன்.

"படக்காரம்மா, இப்பல்லாம் யாரும் நின்ன படத்தைப் பார்க்கறதில்ல. ஸ்கிரீன்லயே உள்ள நடந்து போகணும், கதவைத் திறந்து பார்க்கணும்ங்கறாங்க. புது சாஃப்ட்வேர் தரேன். திங்கட்கிழமை ஒரு டாக்டரம்மா வராங்க, அவங்க முன்னாடி ஓட்டிக் காட்டுங்க. ஓடிச்சுன்னா வேலை உங்களோடது. இல்லேன்னா ஒரு கம்பெனிக்காரன் மொத்தத்தையும் நான் பார்த்துக்கறேன்னு வாசல்லயே நிக்கறான். நான் என்ன பண்ண, சொல்லுங்க."

"ஓட்டிக் காட்டறேன் சார்" என்றார் அண்ணி.

புது சாஃப்ட்வேரை அங்கேயே லேப்டாப்பில் ஏற்றிப் பார்த்தார். திக்கித் திணறிக் கடைசியில், தனி கார்டு வேண்டும் என்று ஒரு வரியைக் காட்டிவிட்டு மூடிக்கொண்டது. மூலையில் மரத்துக்குப் பாலிஷ் போடுகிறவர் எட்டிப் பார்த்தார். அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"தனி கார்டு இருக்குன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கே. மூத்தவ ஒருத்தியே மாடா உழைக்கறா, இளையவளைத் தூங்க வச்சு அழகு பார்க்கறீங்களா?"

"அவ எழுந்தா தெருவையே எழுப்பிடுவா அண்ணே" என்று அண்ணி சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனுக்குப் போன் போட்டார். அண்ணன் லாரி ஓட்டுகிறவன். எந்த ஊரில் இருக்கிறான் என்று அவனுக்கே சில நேரம் தெரியாது.

"ஏங்க, அந்தப் பெரிய கார்டை ஆன் பண்ணிக்கட்டுமா?"

ஹாரன் சத்தத்துக்கு நடுவே அவன் குரல் எனக்கும் கேட்டது. "அப்பாதான் இல்லையே இப்ப. பண்ணிக்க, பண்ணிக்க. பின்னாடி ஒருத்தன் திட்டறான், வைக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணி கைகழுவி வந்து உட்கார்ந்தார். லேப்டாப்பில் என்னென்ன இருக்கிறது என்று காட்டும் பட்டியலில் அந்தக் கார்டின் பேரும் இருந்தது, ஓரத்தில், நிறுத்திவைத்திருக்கிறது என்று காட்டும் கீழ்நோக்கிய ஒரு சின்ன அம்புக்குறியோடு. அதை அழுத்தி இயங்கச் சொன்னார். லேப்டாப்பை அணைத்து மறுபடி போட்டார். பிறகு செட்டிங்ஸில் போய், புது சாஃப்ட்வேருக்கு இனிமேல் பெரிய கார்டுதான் என்று தேர்ந்தெடுத்தார்.

திறந்தது. அண்ணி மவுஸைத் தொட்டதும் சமையலறை முழுதாகச் சுழன்றது. திக்கவில்லை, காத்திருக்கவில்லை. அவர் நடந்தார், நானும் கூடவே நடந்த மாதிரி இருந்தது. ஒரு இழுப்பறையைத் திறந்தார். ஜன்னலைப் பெரிதாக்கினார், வெயில் மேடைமேல் நீளமாக வந்து விழுந்தது. எங்கள் பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. இரண்டு பேரும் அந்த வெயிலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சத்தமே இல்ல பாரு. தூங்கி எழுந்ததுல இவளும் சாதுவாயிட்டா."

நான் லேப்டாப்பின் ஓரங்களில் கைவைத்துப் பார்த்தேன். இடப்பக்கம் காற்று வந்தது. வலப்பக்கம் வரவில்லை, தோசைக்கல் மாதிரி சுட்டது.

"அண்ணி, இந்தப் பக்கம் காத்தே வரல."

"ரொம்ப நாள் கழிச்சு ஓடுதில்ல, சூடு இருக்கத்தான் செய்யும்" என்றார். கண் திரையைவிட்டு நகரவில்லை. சொல்லி வாய் மூடவில்லை, அணைந்துபோனது.

அடியில் இரண்டு டப்பாக்களை வைத்து உயர்த்தி, மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பினோம். ஆறியதும் மறுபடி ஓடியது. மறுபடி அணைந்தது. நாளைக்குக் கொஞ்ச நேரம் ஓடினால் போதும் என்று அண்ணி ஈரத்துணியால் அதன் முதுகைத் துடைத்தார், காய்ச்சல் வந்த பிள்ளையைத் துடைக்கிற மாதிரி.

திங்கட்கிழமை டாக்டரம்மா பட்டறைக்கு வந்தார். அண்ணி அவரைச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். "அட, நல்லாருக்கே! இந்தக் கதவை மட்டும் நீலமா மாத்துங்களேன்" என்றார் அவர். அண்ணி நீலத்தைத் தேர்ந்தெடுத்தார். கதவு நீலமானது. அதன்மேல் ஒரு கோடு விழுந்தது. பிறகு திரை முழுக்கக் கோடு கோடாக வந்து, ஒரேயடியாக இருட்டிவிட்டது. அண்ணி பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார்.

"பரவாயில்லம்மா, விடுங்க" என்றார் முதலாளி. அவர் கத்தியிருந்தால் நம்பிக்கை இருந்திருக்கும்.

ரிப்பேர் கடைக்காரர் லேப்டாப்பைத் திருப்பிப் போட்டு அடிமூடியைக் கழற்றினார்.

"இதுல ரெண்டு விசிறி. ஒண்ணு மூளைக்கு, ஒண்ணு கார்டுக்கு. கார்டோட விசிறி வயரைப் பிடுங்கி விட்டிருக்காங்க. காத்தே இல்லாம கார்டை ஓட்டியிருக்கீங்க, கருகி போர்டையும் சேத்துக் கெடுத்துடுச்சு. அது போர்டோட ஒட்டினது, தனியா மாத்த முடியாது. இந்தப் போர்டும் இப்ப வர்றதில்ல. யாரு இந்த வேலையைப் பண்ணது?"

பிடுங்கிய வயரின் நுனி எதிலும் படாமலிருக்கப் பதவிசாகச் சுற்றிவைத்திருந்தது. வெள்ளைப் பிளாஸ்டர். அப்பாவின் கையில் ஊசிக்குழாய் நழுவாமலிருக்க ஒட்டுவோமே, அதே பிளாஸ்டர். அண்ணி அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"தெரியல. பழசா வாங்கினது" என்றார் அண்ணி.

படங்கள் இப்போது கம்பெனியிலிருந்து வருகின்றன. முதலாளி அண்ணியை அடியோடு கைவிடவில்லை, அறுத்த பலகைகளின் ஓரத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பட்டியைப் பசை தடவி ஒட்டும் வேலையைக் கொடுத்தார். நாள் முழுக்க நின்று செய்கிற வேலை. படக்காரம்மா என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. சாயங்காலம் வந்து அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, அதே வாசலில் நிற்கிறார். முன்னறை மேசையில் ஒன்றுமில்லை. கழுத்து மட்டும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கிறது.

அண்ணன் போன வாரம் வந்திருந்தான். சாப்பிடும்போது அலமாரியின்மேல் துணி போர்த்தி வைத்திருந்த லேப்டாப்பைப் பார்த்தான்.

"என்னாச்சு அதுக்கு?"

"பழசு இல்லையா, போயிடுச்சு."

கொஞ்ச நேரம் மென்றான். திடீரென்று நிமிர்ந்தான். "ஏய், கார்டை ஆன் பண்ணறப்ப அந்த விசிறி வயரை மாட்டினியா? நான் கழட்டி விட்டிருந்தேனே. உன்கிட்ட சொன்னேனா, இல்லையா?"

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொன்னீங்க. மாட்டிட்டுதான் ஓட்டினேன்" என்றார் அண்ணி.

"அதானே பார்த்தேன்" என்று அவன் மறுபடி சாப்பிட ஆரம்பித்தான். "அப்பாவுக்கு அந்தச் சத்தம் ஆகவே ஆகாது."

அண்ணி அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினார். பசை காய்ந்து அவர் விரல் நுனிகள் வெள்ளையாக இருந்தன.